நின்றால் ஒழுகும், ஓடினால் நிற்கும்: ஏற்காட்டில் ஒரு 1966 டாட்ஜ் டார்ட்

புகார் இரண்டே வரிதான். ஐப்பசி மழைக்கு முன்னால் கொட்டகையில் ஏற்றி மூடி வைக்கிற கார், கார்த்திகை பாதியில் கீழே சிவப்பாக ஆயில் தேக்கிவிடுகிறது. மாசியில் வெளியே எடுத்து மலை ஏறினால், கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜின் அலறுகிறது, வண்டி இழுப்பதில்லை.

முந்தைய வருடம் பார்த்த பட்டறை ஒன்று, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான பேனின் கேஸ்கெட்டை மாற்றிச் சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட் பூசிக் கொடுத்திருந்தது. அப்படியும் ஒழுகியபோது, “குளிர்ல சீல் எல்லாம் சுருங்கிடுச்சு, கியர்பாக்ஸும் போச்சு, இறக்கிப் பிரிச்சாத்தான் ஆகும்” என்று சொல்லிவிட்டார்கள். பிரிப்பதற்கு முன் இன்னொருவர் பார்க்கட்டும் என்று உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் பட்டறை சேலம் கோரிமேட்டுப் பக்கம். வண்டி நின்றது ஒண்டிக்கடை தாண்டி ஒரு காபி எஸ்டேட்டில்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸ் போகவில்லை. குளிருக்கும் இதில் பெரிய பங்கு இல்லை. ஒழுகியதும் இழுக்காததும் இரண்டு நோய் அல்ல. முதலாவதைத் தப்பாகப் படித்ததால் வந்தது இரண்டாவது.

வண்டி

1966 மாடல் டாட்ஜ் டார்ட். இடது பக்க ஸ்டீயரிங். 225 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 3.7 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின். சிலிண்டர்கள் 30 டிகிரி வலப்பக்கம் சாய்ந்து நிற்பதால் இதற்கு ஸ்லாண்ட் சிக்ஸ் என்றே பெயர். தூதரகத்து வண்டிகளை எஸ்.டி.சி. என்ற அரசு வணிக நிறுவனம் மூலமாக விற்ற காலத்தில் டெல்லியில் எடுத்தது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள்.

கியர்பாக்ஸ் கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட் ஏ-904. 1960-இல் வேலியன்ட் காருடன் வந்த, அலுமினிய உறை கொண்ட மூன்று கியர் ஆட்டோமேட்டிக். 1964 மாடல் வரை பட்டன் அழுத்திக் கியர் மாற்றுவார்கள். பிறகு லீவர் வந்தது. 1966-இல் பின்பக்க ஆயில் பம்பை எடுத்துவிட்டார்கள். அதனால் பேட்டரி படுத்துவிட்டால் இந்த வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. எஸ்டேட் ஆட்கள் ஒரு தடவை பத்துப் பேர் சேர்ந்து தள்ளிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் செத்துப்போனதற்கு அதையும் ஒரு சாட்சியாக வைத்திருந்தார்கள். அது சாட்சியே இல்லை. புது வண்டியாக இருந்த காலத்திலும் அது அப்படித்தான்.

வருடத்தில் ஏறக்குறைய நாலு மாதம் வண்டி நகராது. வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிவும் மூடுபனியும். அது விட்டால் காபிப் பழம் பறிக்கும் வேலை. ஜீப்புக்கும் டிராக்டருக்கும்தான் ஆள் இருப்பார்கள். மாசி வாக்கில் வேலை ஓய்ந்த பிறகுதான் டார்ட்டின் உறையைக் கழற்றுவார்கள்.

குளிர் என்ற குற்றவாளி

வெளிநாட்டில் பனிக்காலத்துக்குக் காரை மூடி வைப்பது பற்றிப் படித்தவர்களுக்குக் குளிர் என்றதும் ரப்பர் சீல் சுருங்குவது நினைவுக்கு வரும். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் சொச்சம் உயரம். மார்கழி, தை இரவுகளில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். நமக்கு அது ஸ்வெட்டர் குளிர். ஆயில் சீலுக்கு ஒன்றுமில்லை. நல்ல நைட்ரைல் ரப்பர் அந்தக் குளிரில் மடங்காமல் போகாது. ஐம்பது வருடச் சூட்டில் கெட்டிப்பட்டுப்போன ரப்பர் வேறு கதை. அது கோடையிலும் கெட்டிதான்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: கெட்டிப்போன சீல் கோடையில் ஏன் ஒழுகவில்லை? உரிமையாளர் உறுதியாகச் சொன்னார், ஏப்ரல், மே மாதங்களில் வாரம் இரண்டு மூன்று தடவை வண்டி எடுப்போம், தரையில் ஒரு சொட்டு இருக்காது என்று.

போனில் நான் சொன்னவை மூன்று. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வண்டியை நகர்த்தாதீர்கள். கீழே இருப்பதைத் துடைக்காதீர்கள். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, மட்டும் உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, போட்டோ அனுப்புங்கள்.

எஸ்டேட் ரைட்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் பாதி வழக்கு முடிந்துவிட்டது. ஆயில் ‘ஃபுல்’ கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது. வாரக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருக்கும் வண்டியில் ஆயில் குறைய வேண்டும். இங்கே கூடியிருக்கிறது.

ஏன் கூடியது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் இரண்டு இடத்தில் இருக்கும். கீழே தகரப் பேன். முன்னால், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, பெரிய பூசணி அளவில் டார்க் கன்வெர்ட்டர்; இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது இதுதான். ஏ-904-இல் மொத்தம் ஏழெட்டு லிட்டர் பிடிக்கும். அதில் ஒரு நல்ல பங்கு கன்வெர்ட்டரில். வீட்டில் மொட்டைமாடித் தொட்டியும் தரையடிச் சம்ப்பும் இருக்கிற மாதிரிதான் இது. மோட்டார் ஓடுகிறவரை மேல் தொட்டி நிறைந்திருக்கும். மோட்டாரை நிறுத்தி, அடைப்பு வால்வும் சரியாகப் பிடிக்காவிட்டால் மேலே உள்ளது மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் சம்ப் வழியும்.

கியர்பாக்ஸிலும் அதுதான் நடக்கிறது. இன்ஜின் ஓடும்போது பம்ப் கன்வெர்ட்டரை நிரப்பி வைக்கும். நின்றதும் பம்பின் பல்லிடுக்கு, புஷ், ஆயிலை அங்கங்கே பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் இடைவெளிகள் வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாகப் பேனுக்குத் திரும்பும். ஓரிரவில் பெரிதாகத் தெரியாது. வாரக்கணக்கில் நின்றால் கன்வெர்ட்டரில் பாதிக்கு மேல் கீழே வந்துவிடும். பேன் கொள்ளாமல், மட்டம் பேனின் விளிம்பைத் தாண்டி அலுமினிய உறைக்குள் ஏறும். தேய்ந்த புஷ் இருந்தால் சீக்கிரம், இறுக்கமாக இருந்தால் தாமதம். இறங்காத கியர்பாக்ஸ் அபூர்வம்.

மட்டம் ஏறுகிற அந்த இடத்தில்தான் உறையின் பக்கவாட்டுத் துளைகள் இருக்கின்றன. இடப்பக்கம் கியர் லீவரின் தண்டு வெளியே வருகிற துளை. அதன் பக்கத்தில், பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் ஸ்டார்ட் ஆக விடுகிற நியூட்ரல் சுவிட்சு. வலப்பக்கம் டிப்ஸ்டிக் குழாய் செருகும் துளை. வண்டி தினசரி ஓடுகிறவரை இவை ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கின்றன. ஓடும்போது தெறிப்பதை மட்டும் தடுத்தால் போதும். தண்டைச் சுற்றிய சீல் கட்டையாகப் போனாலும் யாருக்கும் தெரியாது. நின்ற வண்டியில் அதே சீல் நாள்முழுக்க ஆயிலுக்குள் மூழ்கி நிற்கிறது.

கோடையில் ஒழுகாததன் காரணம் இவ்வளவுதான்.

பார்க்கில் ஓடிய இன்ஜின்

எஸ்டேட்டுக்குப் போனதும் பழைய டிரைவர் அண்ணன் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். வண்டியை அவர் சும்மா போட்டுவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை தவறாம பத்து நிமிசம் ஓட விடறேனுங்க. ஸ்டார்ட் பண்ணாத வாரமே கிடையாது.”

“எந்த கியர்ல வெச்சுங்கண்ணே?”

“பார்க்குலதான். மேட்டுல நிக்குற வண்டியை வேற எதுல வைக்கறது?”

அவர் செய்ததில் தப்பில்லை. பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிக்கு அது போதும். அந்தக் கால டார்க்ஃபிளைட்டுக்குப் போதாது. பார்க்கில் இருக்கும்போது இதன் மேனுவல் வால்வு, அதாவது கியர் லீவரோடு சேர்ந்து நகரும் வால்வு, கன்வெர்ட்டருக்குப் போகும் ஆயிலை அடைத்துவிடும். இன்ஜின் ஓடும், பம்பும் சுற்றும், ஆனால் கன்வெர்ட்டர் நிரம்பாது. ஆயில் மட்டத்தை நியூட்ரலில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி கையேடு அடித்துச் சொல்வதும் இதனால்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓடிய இன்ஜின் பேட்டரிக்கு உதவியது. கியர்பாக்ஸைப் பொறுத்தவரை வண்டி நாலு மாதமாக நின்றுகொண்டேதான் இருந்தது.

இன்னொன்றையும் அவரே சொன்னார். நான் கேட்கக்கூட இல்லை. “தை பொறந்தா தானா நின்னுடுதுங்க. அப்புறம் சொட்டறது இல்ல.” முந்தைய பட்டறை இதை வெயில் ஏறியதும் சீல் விரிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒழுகி ஒழுகி மட்டம் தண்டுத் துளைக்குக் கீழே வந்துவிட்டால் அதற்கு மேல் ஒழுக ஆயில் இல்லை, அவ்வளவுதான். தானாகத் தொடங்கித் தானாக நிற்கிற ஒழுகலைப் பார்த்தால் சீலை நினைப்பதற்கு முன் மட்டத்தை நினைக்க வேண்டும். பழுதடைந்த பேன் கேஸ்கெட் இப்படி நடந்துகொள்ளாது. பேனின் விளிம்பில் வண்டி ஓடும்போதும் ஆயில் படுவதால் அது ஆடி, ஆவணி, மார்கழி எல்லா மாதமும் கசியும்.

கீழே படுத்துப் பார்த்தது

முதல் வேலை, ஒழுகுவது என்ன ஆயில் என்று உறுதிசெய்வது. சிவப்பு என்று நம்பிவிடக் கூடாது. பழைய கியர்பாக்ஸ் ஆயில் தேயிலைச் சாறு நிறத்துக்கு மாறியிருக்கும், மெல்லிய இன்ஜின் ஆயிலும் அதே நிறம் காட்டும். வெள்ளைத் துணியில் டிப்ஸ்டிக் சொட்டு ஒன்று, தரைச் சொட்டு ஒன்று, இன்ஜின் ஆயில் சொட்டு ஒன்று, பக்கம் பக்கமாக வைத்தோம். முதல் இரண்டும் ஒன்றுபோலப் பரவின. இந்த டார்ட்டில் பவர் ஸ்டீயரிங் இல்லை. அதனால் ஒரு சந்தேகம் குறைந்தது; இருக்கிற வண்டிகளில் பல சமயம் அதிலும் இதே ஆயில்தான் ஓடும். ரோஸ் மில்க் நிறம் எங்கும் இல்லை; அப்படி இருந்திருந்தால் ரேடியேட்டரின் அடித் தொட்டிக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது முற்றிலும் வேறு வழக்கு, வேறு செலவு.

சொட்டு விழுந்த இடம் பேனின் பின்பக்க இடது மூலை, கடைசி போல்ட்டின் தலை. யார் பார்த்தாலும் பேன் கேஸ்கெட் என்றுதான் சொல்வார்கள். ஆயில் புறப்படும் இடமும் விழும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. உறையைத் தடவி இறங்கி, விளிம்பில் ஓடி, தாழ்வான போல்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து அங்கிருந்து விழும்.

கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தபோது கன்வெர்ட்டரை மூடியிருக்கும் முன்பக்க பெல் ஹவுசிங்கின் அடி முழுக்க வறண்ட தூசி. முன் பம்ப் சீல் போயிருந்தால் இங்கே ஈரம் இருந்தே தீரும். கன்வெர்ட்டர் சுற்றும் வேகத்தில் ஆயிலை உள்ளே வட்டமாகத் தெறிக்க விட்டிருக்கும். “இறக்கிப் பிரிக்கணும்” என்ற தீர்ப்பு இந்தத் தூசியைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. கியர்பாக்ஸை இறக்க வேண்டிய ஒழுகல் இந்த இடத்துக்கு மட்டும்தான். வலப்பக்க டிப்ஸ்டிக் குழாயின் அடியும் காய்ந்திருந்தது. இடப்பக்கம் பேனுக்கு மேலே, லீவர் தண்டிலிருந்து புதுப் பளபளப்போடு ஒரு கோடு இறங்கி வந்தது. நியூட்ரல் சுவிட்சும் அதன் ஒயரும் நனைந்திருந்தன.

மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு அந்தப் பக்கத்தைக் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காய வைத்து, முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மேலே ஊதினோம். இதில் ஏற்காட்டுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. விடியற்காலை மூடுபனியில் அலுமினியம் வியர்க்கும், பவுடர் கட்டிகட்டியாகிவிடும், நீர்த்தடமும் ஆயில்தடமும் ஒன்றுபோலத் தெரியும். எனவே வெயில் ஏறிக் கொட்டகை காய்ந்த பிறகுதான் பவுடர் போட வேண்டும். அன்று மதியத்துக்குள் விடை கிடைத்தது. சுவிட்சின் நூல் வாய் வெள்ளையாகவே இருந்தது. அது மேலிருந்து வழிந்ததில் நனைந்த அப்பாவி. தண்டைச் சுற்றிய சீலின் கீழ் உதட்டில் சிவப்பு அரை வட்டம். தண்டுக்குள் இன்னொரு மெல்லிய தண்டு உண்டு, ஆக்சிலரேட்டர் கம்பியோடு சேர்ந்தது. அந்த இரண்டுக்கும் நடுவேயும் ஒரு சொட்டு திரண்டது.

ஏ.சி. மெக்கானிக்குகள் பயன்படுத்துகிற ஒளிரும் சாயத்தை ஏன் ஊற்றவில்லை என்று ரைட்டர் கேட்டார். சாயம் கலக்க இன்ஜினை ஓட்ட வேண்டும். நியூட்ரலில் ஓட்டினால் கன்வெர்ட்டர் நிரம்பும், மட்டம் இறங்கும், ஒழுகல் நிற்கும். அப்புறம் எந்த விளக்கு அடித்தாலும் ஒன்றும் தெரியாது. நின்ற வண்டியின் ஒழுகலை நின்ற நிலையிலேயே பிடிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யாதே என்று போனில் சொன்னதன் நோக்கம் அதுதான்.

கொட்டகைத் தரையில் ரசமட்டம் வைத்தோம். கழுவிய தண்ணீர் ஓட வேண்டும் என்று இடப்பக்கம் வாட்டம் விட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடது சக்கரம் வலது சக்கரத்தைவிட ஏறக்குறைய 5 செ.மீ. தாழ்வு. வண்டியின் சக்கர அகலம் 1.4 மீட்டர். பேனின் அகலம் சுமார் 30 செ.மீ. என்றால், பேனுக்குள் இடது விளிம்பில் மட்டம் நடுவைவிட அரை செ.மீ. கூடும். அரை செ.மீ. பெரிதல்ல, ஆனால் சீல் இருக்கும் பக்கம்தான் தாழ்ந்த பக்கம். வாட்டம் காரணம் அல்ல. இருந்த காரணத்துக்கு ஒத்தாசை செய்திருக்கிறது.

இழுக்காத வண்டி

இப்போது இரண்டாவது புகார். பழைய பில்லில் ஒரு வரி இருந்தது: “கியர் ஆயில் ஓவர் லெவல், எடுத்துவிடப்பட்டது.” நின்ற வண்டியில், இன்ஜின் ஓடாமல், டிப்ஸ்டிக்கைப் பார்த்து ஆயில் அதிகம் என்று முடிவுசெய்து உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். எடுத்தது கன்வெர்ட்டருக்குச் சொந்தமான ஆயில்.

சோதித்துப் பார்த்தோம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் ஸ்டார்ட். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், டிரைவ், 2, 1 என்று ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி மீண்டும் நியூட்ரல். எஸ்டேட் ரோட்டில் சூடாகும்வரை ஓட்டிவிட்டு, இன்ஜின் ஓடும்போதே நியூட்ரலில் டிப்ஸ்டிக்கை எடுத்தால், ‘ஆட்’ கோட்டுக்குக் கீழே ஆயில் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. காலையில் இரண்டு விரற்கடை அதிகம் காட்டிய அதே கம்பி, அதே ஆயில். இந்தக் கம்பியில் ‘ஆட்’டுக்கும் ‘ஃபுல்’லுக்கும் நடுவே அரை லிட்டர்கூடக் கிடையாது. குறைவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

ஒரு லிட்டருக்கு மேல் குறைவாக வைத்துக்கொண்டு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி ஏறினால் என்ன ஆகும்? சமதளத்தில் ஒன்றும் தெரியாது. வளைவில் திரும்பும்போது மிச்ச ஆயில் பேனின் ஒரு பக்கம் ஒதுங்கும், ஃபில்டரின் வாய் காற்றைக் குடிக்கும், அழுத்தம் விழும், கிளட்ச் தகடுகள் வழுக்கும், இன்ஜின் மட்டும் எகிறும். வளைவு முடிந்து நேராக வந்ததும் மறுபடி பிடிக்கும். உரிமையாளர் சொன்ன அறிகுறி எழுத்துப் பிசகாமல் இதுவேதான். இப்படியே இன்னும் இரண்டு கோடை ஓட்டியிருந்தால் தகடுகள் கருகி, அந்தப் பட்டறை சொன்னது உண்மையாகியிருக்கும்.

வேலை

பேனை இறக்கியபோது ஆயிலில் கருகல் வாசனை இல்லை. அடியில் மெல்லிய சாம்பல் நிறப் பசை. அறுபது வயதுக் கியர்பாக்ஸுக்கு அது இயல்பு. உலோகச் சுருளோ தகட்டுத் துண்டோ கிடையாது. பயமுறுத்தியது வேறு. உள்பக்கம் பிதுங்கிய சிலிக்கான் பேஸ்ட் நூல் நூலாகப் பிரிந்து ஃபில்டர் வலையில் ஒட்டியிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பேனில் சிலிக்கான் பூசுவதை நான் எங்கள் பையன்களுக்கு அனுமதிப்பதே இல்லை. வெளியே பிதுங்கியது கண்ணில் படும். உள்ளே பிதுங்கியது வால்வு பாடியில் போய்த்தான் தெரியும்.

14 போல்ட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கியதில் பேனின் விளிம்பு ஒவ்வொரு துளையைச் சுற்றியும் குழிந்திருந்தது. இரும்புக் கட்டைமேல் வைத்துத் தட்டிச் சமன் செய்து, புதுக் கேஸ்கெட்டை எதுவும் பூசாமல் வைத்து, டார்க் ரெஞ்சில் 17 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் முடுக்கினோம். கைக்கு அது ‘இன்னும் கொஞ்சம் முறுக்கலாமே’ என்றுதான் தோன்றும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தண்டு சீலை மாற்ற வால்வு பாடியை இறக்கத் தேவையில்லை. இரண்டு லீவர்களின் நிலையையும் மார்க் செய்துகொண்டு கழற்றினால் சீல் வெளியிலிருந்தே கைக்கு எட்டும். பழைய சீலைக் கொக்கியால் இழுத்தபோது கண்ணாடி போல நொறுங்கி வந்தது. ரப்பர் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சம் இல்லை. தண்டின் விளிம்புகள் கூர்மையானவை. புதுச் சீலை அப்படியே தள்ளினால் உதடு கிழிந்துவிடும். தண்டுக்கு வழுவழுப்பான டேப் சுற்றி, ஆயில் தடவி, சீலை நுழைத்து, பொருத்தமான சாக்கெட்டை மேலே வைத்து நேராகத் தட்டி இறக்கினோம். உள் தண்டுக்கும் புதுச் சீல். நியூட்ரல் சுவிட்சு குற்றமற்றது என்றாலும், லீவர் கழன்றிருக்கும்போதே வாஷரை மாற்றிவிட்டோம்; இன்னொரு தடவை அங்கே கை விட எனக்கு ஆசையில்லை.

இந்த வண்டிக்குச் சீல் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு போனால் சேலத்திலேயே பொருந்துகிறது கிடைக்கும். நாங்கள் வாங்கியது விட்டான் ரப்பர். நைட்ரைல் நூறு, நூற்றிருபது டிகிரிக்கு மேல் நாளடைவில் கெட்டிப்படும். விட்டான் இருநூறு வரை தாங்கும். மலையேற்றத்தில் கியர்பாக்ஸ் சூட்டை நினைத்தால் விலை வித்தியாசம் பெரிதல்ல.

ஆயில் விஷயம். அந்தக் காலத்தில் கம்பெனி சொன்னது ‘டைப் ஏ, சஃபிக்ஸ் ஏ’. 1967-க்குப் பிறகு அதன் இடத்தில் டெக்ஸ்ரான் வந்தது. இன்று டெக்ஸ்ரான் 3 வகை ஊற்றினால் போதும். ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று டப்பாவில் விற்பதை ஊற்றலாமா என்று உரிமையாளர் கேட்டார். அது சீலை ஊதவைத்து நாள் கடத்தும். கட்டையாகி நொறுங்கிய சீலை ஊதவைக்க முடியாது; நன்றாக இருக்கும் மற்றச் சீல்களையும் கிளட்ச் பிஸ்டன் ரப்பர்களையும் சேர்த்து ஊதவைக்கும். சிலர் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் கலக்கச் சொல்வார்கள். அதைச் செய்கிறவர் கையில் என் வண்டிச் சாவியைக் கொடுக்கமாட்டேன்.

முதலில் நாலு லிட்டர் ஊற்றி, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, எல்லாக் கியரும் தொட்டு, சூடாக்கி, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ‘ஃபுல்’லில் நிறுத்தினோம். அடிவாரம் வரை இறங்கி மறுபடி ஏறினோம். இறக்கத்தில் 2-இல் போட்டு இன்ஜினால் பிடித்து வந்தோம். ஏற்றத்தில் ஒரு வளைவிலும் இன்ஜின் தனியாக அலறவில்லை.

அடுத்த பருவம்

வண்டியை மூடும் நாளில் சூடாக, நியூட்ரலில், இன்ஜின் ஓடும்போது அளவு பார்த்து எழுதி வைக்கச் சொன்னோம். நிறுத்தியபின் அன்று மாலை ஒரு தடவை, பிறகு வாரம் ஒரு தடவை, டிப்ஸ்டிக்கில் பேனாவால் கோடு. ரைட்டர் அதற்கு நோட்டே போட்டுவிட்டார், காபி எடை நோட்டுக்குப் பக்கத்தில். மட்டம் முன்போலவே ஏறியது. முதல் சில வாரம் வேகமாக, பிறகு மெதுவாக, கார்த்திகை கடைசியில் ‘ஃபுல்’லுக்கு மூன்று விரற்கடை மேலே போய் நின்றது. போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கூடுதல், ஆயில் இப்போது முழு அளவில் இருப்பதால். கன்வெர்ட்டர் இறங்குவதை நாங்கள் நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமும் இல்லை. கீழே விரித்த அட்டையில் பேனுக்கு நேரே ஒரு கறைகூட இல்லை.

பார்க்கிலும் கன்வெர்ட்டர் நிரம்பும்படி வால்வு பாடியை மாற்றுகிற கிட் கிடைக்கிறது. உரிமையாளர் வண்டியை வந்த நிலையிலேயே வைத்திருக்க விரும்புகிறார், நானும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டோம். ஓட்டுவதானால் மழை விட்ட ஒரு நாள் எடுத்து, கியர்பாக்ஸ் நன்றாகச் சூடாகும்வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வர வேண்டும். முடியாதென்றால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுத் தொடாமல் இருப்பதே மேல். பத்து நிமிட ஓட்டத்தில் இன்ஜினும் சைலன்சரும் தண்ணீரைத்தான் சேர்க்கும். டிரைவர் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்து, மாசியில் முதல் ஸ்டார்ட்டை எப்படிச் செய்வது என்று கேட்டார்: நியூட்ரல், கட்டை, ஒன்றிரண்டு நிமிடம், பிறகே டிரைவ். கன்வெர்ட்டர் நிரம்புவதற்குள் டிரைவில் போட்டால் வண்டி அசையாது. அதைப் பார்த்து மறுபடியும் யாராவது கியர்பாக்ஸ் போச்சு என்று சொல்லிவிடக் கூடாது.

இது கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கான கணக்கு. அம்பாசிடர், பத்மினி மாதிரிக் கைக் கியர் வண்டிகளில் மேல் தொட்டியே கிடையாது. அங்கே நின்றபடி ஒழுகினால் சீல், கேஸ்கெட், பிளக் என்று நேராகப் போகலாம். பழைய ஆட்டோமேட்டிக் மெர்சிடிஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதில் இன்ஜினின் உறிஞ்சலை வைத்துக் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்தால் தரையில் சொட்டு விழாமலே ஆயில் குறையும். வேக்குவம் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டுவிடும். அந்தக் குழாயைக் கழற்றி உள்ளே ஆயில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். டார்க்ஃபிளைட்டில் அது இல்லை, கம்பி இணைப்புதான்.

டார்ட்டில் இன்னும் ஒரு கசிவு பாக்கி. பின்னால் ஸ்பீடாமீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ஓ ரிங் வியர்க்கிறது, அட்டையின் பின்கோடியில் ரூபாய் நாணயம் அளவு கறை. கேபிளைக் கழற்றினால் பழைய பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையும் அபாயம் இருக்கிறது. மாற்றுச் சக்கரம் கைக்கு வந்த பிறகு தொடலாம் என்று விட்டிருக்கிறோம். ரைட்டரின் நோட்டில் அதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியாயிற்று.